அம்மாள் முன் வாங்கிய சத்தியம்

1

இந்தப் புரட்டாதியோடு நாங்கள் லண்டனுக்கு வந்து ஒன்பது வருஷம் முடிகிறது. வருஷா வருஷம் அந்த நாளில் என் மனைவி புவனம் பாயாசம் காய்ச்சுவாள். நான் வேலைக்கு விடுப்பு எடுப்பேன். கப்பலில் வாந்தி எடுத்தது, டில்பரித் துறைமுகத்தில் மழைக்குள் நின்றது, முதல் வீட்டுக்காரி எங்கள் கருவாட்டைத் தோட்டத்தில் கிடங்கு வெட்டிப் புதைத்தது எல்லாவற்றையும் திரும்பச் சொல்லிச் சிரிப்போம். மகன் ரவியும் முன்பெல்லாம் கூட இருந்து சிரிப்பான். இப்போது அவனுக்குப் பதினேழு வயது. போன வருஷம் பாயாசத்தைக் குடித்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் தன் அறைக்குப் போய்விட்டான். இந்த வருஷம் பாயாசமே இல்லை. அதற்கு முதல் நாள் கடிதம் வந்துவிட்டது.

கடிதம் ரவி படிக்கும் கல்லூரியிலிருந்து வந்தது. திரு. கந்தையா அவர்களுக்கு என்று தொடங்கியது. கந்தையா என் தகப்பனார். என் பெயர் இராசரத்தினம். கப்பலால் இறங்கிய அன்று எந்தக் கட்டத்துக்குள் எந்தப் பெயரை எழுதுவது என்று ஓர் அதிகாரி கேட்டார். நான் விளக்கம் சொல்லச் சொல்ல அவருக்குப் பொறுமை போய்விட்டது. என் முன்னெழுத்தை விரித்துக் கடைசியில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து வருமான வரிக் கந்தோருக்கும் பால்காரனுக்கும் நான் கந்தையாதான். ரவியும் கந்தையாதான். திருத்தித் தரும்படி மூன்று முறை விண்ணப்பித்தேன். மூன்று பதிலும் திரு. கந்தையாவுக்கே வந்தன.

ஆகவே, கந்தையாவின் மேற்சட்டைப் பையில் போதைக் குளிசைகள் அகப்பட்டன என்று கடிதத்தில் வாசித்தபோது, வெற்றிலைகூடப் போடாத என் தகப்பனார்தான் முதலில் கண்முன் வந்தார். ஒரு கணம் சிரிப்புக்கூட வந்தது. பிறகுதான் அது ரவியின் சட்டைப் பை என்று விளங்கிற்று. கதிரையில் இருந்து கடிதத்தை மறுபடியும் வாசித்தேன்.

2

வெள்ளிக்கிழமை ரவியையும் கூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவன் நான். இங்கே என் பட்டத்தையும் பயிற்சிச் சான்றிதழையும் ஏற்க மாட்டோம் என்று சொன்னதால் தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்கிறேன். தெருப் பெயர்களை வாசிக்க அந்த ஆங்கிலம் போதும். மாணவர் நலன் பார்க்கும் பெண்மணியின் முன்னால் இருந்தபோது அது போதவில்லை. பஸ்ஸில் பாடமாக்கிக்கொண்டு போன வசனங்களில் பாதி மறந்துபோயிற்று. ஒரு இடத்தில் நான் தடுமாற, ரவி என்னைப் பார்க்காமலே அந்தச் சொல்லை எடுத்துத் தந்தான். அதற்கு நன்றி சொல்வதா, வெட்கப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அவை சின்ன நீலக் குளிசைகள். சோதனைக்கு நித்திரை வராமல் படிக்கவும், சனிக்கிழமைகளில் நடன மண்டபத்தில் களைக்காமல் நிற்கவும் பிள்ளைகள் அவற்றைப் போடுகிறார்களாம். பெண்மணி கோபமாகப் பேசவில்லை. ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினார். இனி எக்காலத்திலும் இவற்றைத் தொடமாட்டேன் என்று ரவியும், அதற்குப் பொறுப்பு நிற்கிறேன் என்று நானும் கையெழுத்து வைத்துத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். கொடுத்தால் அவன் தொடர்ந்து படிக்கலாம். கொடுக்காவிட்டால் இடம் இல்லை.

"ஒருக்காத்தான் அப்பா போட்டனான்" என்று ரவி பஸ்ஸில் வைத்துச் சொன்னான். மாதக்கணக்காக என்னோடு ஆங்கிலத்தில் மட்டும் பேசியவன் அதைத் தமிழில் சொன்னான். அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

சனிக்கிழமை காலை புவனம் தலைமுழுகிவிட்டு, அலுமாரித் தட்டில் வைத்திருக்கும் அம்மாள் படத்துக்கு முன்னால் பித்தளைத் தட்டை வைத்தாள். ஊரிலிருந்து பார்சலில் வரும் கற்பூரத்தை அவள் தைப்பொங்கலுக்கும் சிவராத்திரிக்கும் மட்டுமே எடுப்பாள். அன்று எடுத்தாள்.

"கடதாசியில வைக்கிற கையெழுத்து ஆருக்கு வேணும்? அம்மாளுக்கு முன்னால கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். பிறகு அவன் தொடமாட்டான்" என்றாள்.

ரவி மறுக்கவில்லை. பல் விளக்கப் போகிறவனைப்போல வந்து நின்று கையை நீட்டினான். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. நான் சட்டென்று போய் ஒரு கோப்பையை எடுத்து அதன்மேல் கவிழ்த்துவிட்டேன்.

புவனத்தின் முகம் வெளிறிப்போயிற்று. "என்ன வேலையப்பா செய்தனீங்கள்?" என்று கேட்டாள். அதற்குக் காரணம் இருந்தது. பன்னிரண்டு வருஷமாக அவளுக்கும் சொல்லாத ஒரு கதை அது. ஊரில் இதை வாசிக்கும் உங்களுக்கும் இப்போதுதான் எழுதுகிறேன்.

3

அப்போது கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு விவசாயப் பயிற்சிக் கல்லூரியில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். விடுதிக்கும் நானே பொறுப்பு. புவனமும் சின்னப்பிள்ளையாக இருந்த ரவியும் யாழ்ப்பாணத்தில் அவளுடைய தாய் வீட்டில் இருந்தார்கள். மாணவர்களில் பெரும்பாலோர் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள். அரை நாள் வயல், அரை நாள் வகுப்பு. நடுகைக்கும் அருவி வெட்டுக்கும் கூலியாட்களோடு கூட நிற்பார்கள். வேலை முடிய, உடம்பு நோவுக்கு என்று ஒரு மிடறு கசிப்பு. ஆற்றங்கரைக் காட்டுக்குள் அதைக் களவாகக் காய்ச்சினார்கள். நடந்து போகும் தூரம்தான். ஒரு மிடறாகத் தொடங்கியது சிலருக்கு வகுப்பையும் மறக்கச் செய்துவிட்டது.

நான் சும்மா இருக்கவில்லை. இளம் வயது, கதராடை, நிறைய நம்பிக்கை. மதுவிலக்குச் சங்கம் ஒன்றைத் தொடங்கினேன். பின்னேரங்களில் கரப்பந்து, கிழமைக்கொரு விவாதம், வேலைக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதும் வகுப்பு, ஆளுக்கொரு மரக்கறிப் பாத்தி. பையன்களின் கையும் மனமும் வெறுமையாக இருக்கக் கூடாது என்பது என் கொள்கை. அதில் இன்றைக்கும் எனக்குப் பிழை தெரியவில்லை.

தருமலிங்கம் அந்தப் பையன்களில் ஒருவன். இது அவன் உண்மைப் பெயரல்ல. முரசுமோட்டையைச் சேர்ந்தவன், இருபது வயது. தகப்பன் காய்ச்சலில் போய்விட, தாய் தனியாக நின்று வயலைப் பார்த்தா. உழவு இயந்திரம் தூரத்தில் வரும்போதே சத்தத்தை வைத்து அதற்கு என்ன வருத்தம் என்று சொல்லிவிடுவான். ஒரு நாள் காலை வகுப்புக்கு வரவில்லை. வாய்க்கால் கரையில் முகம் குப்புறக் கிடந்தான். இன்னும் ஒரு சாண் உருண்டிருந்தால் தண்ணீருக்குள் போயிருப்பான். அதிபர் அவனை விலக்கப் போகிறேன் என்றார். ஒரு தவணை பொறுங்கள், நான் பார்க்கிறேன் என்று நான் மன்றாடி வாங்கினேன்.

வெள்ளிக்கிழமைகளில் வகுப்பு முடிய அவன் என் அறைக்கு வந்து அந்தக் கிழமை எப்படிப் போனது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. முதல் கிழமை, "அஞ்சு நாள் போனனான், சேர்" என்றான். நான் கிழி கிழியென்று கிழித்தேன். அடுத்த கிழமை வாயே திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. அவன் சொல்வதைக் கேட்டுவிட்டு, "சரி, இரு" என்பேன். பிறகு இயந்திரத்தைப் பற்றியும், பொறிமுறைத் தொழிற்சாலைக்கு எழுத வேண்டிய விண்ணப்பத்தைப் பற்றியும் கதைப்போம். நாலு நாள் என்பான். மூன்று என்பான். ஒரு கிழமை மறுபடியும் ஐந்துக்கு ஏறிற்று. சொல்லிவிட்டு அழுதான். அதற்கடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்து, "ஒருக்காலும் போகேல்லை, சேர்" என்று சொன்னபோது அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கும் முடியவில்லை.

4

அத்தோடு நான் விட்டிருக்க வேண்டும்.

பரிசளிப்பு விழாவில் சங்கத்தின் அறிக்கையை நான் வாசிக்க இருந்தேன். "எத்தனை பேர் முற்றாக விட்டிட்டாங்கள், மாஸ்டர்? அதைச் சொல்லுங்கோ" என்று அதிபர் கேட்டார். குறைந்துகொண்டு வருகிறது என்று சொன்னேன். எனக்கே அது சப்பென்று இருந்தது. வைகாசிப் பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. வற்றாப்பளை அம்மாள் கோயிலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய், குடிக்கிற ஆறு பேரையும் அம்மாள் முன் சத்தியம் செய்ய வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

வன்னியில் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கோட்டில் ஏறிப் பொய்ச் சாட்சி சொல்பவனும் வற்றாப்பளையில் கற்பூரத்தை அணைக்கச் சொன்னால் பின்வாங்குவான். அந்தச் சத்தியத்தை முறித்தவனை அம்மாள் சும்மா விடமாட்டா என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பயத்தை நான் நல்ல காரியத்துக்குப் பயன்படுத்துகிறேன் என்றுதான் நினைத்தேன்.

தருமலிங்கம் தயங்கினான். "அது வேண்டாம், சேர். நான் கிழமைக்குக் கிழமை வந்து சொல்லுறன்தானே" என்றான்.

"அப்ப திரும்பக் குடிக்கிற எண்ணம் இருக்கோ உனக்கு?" என்று கேட்டேன்.

அதற்கு அவன் என்ன சொல்ல முடியும்?

பொங்கலுக்கு அவனுடைய தாயும் வந்திருந்தா. அவவையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினேன். சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. அவன் கற்பூரத்தின்மேல் கையை வைத்து, அது அணையும் வரைக்கும் எடுக்காமல் நின்றான். உள்ளங்கை பொக்களித்துவிட்டது. தாய் அழுதுகொண்டு, "என்ரை பிள்ளையை எனக்குத் திருப்பித் தந்திட்டியள், மாஸ்டர்" என்றா. எனக்குத் தலைகால் தெரியவில்லை. அன்று திரும்பி வந்த பஸ்ஸில் அறிக்கையின் கடைசி வசனத்தை மனதுக்குள் எழுதி முடித்துவிட்டேன்.

5

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் வந்தான். கதிரையில் இருக்கவில்லை. "ஒண்டும் இல்லை, சேர்" என்றான். அதற்கடுத்த கிழமையும் அதே சொல். மூன்றாம் கிழமை வாசலிலேயே நின்று, "இனி வெள்ளிக்கிழமை வரத் தேவையில்லைத்தானே, சேர்?" என்று கேட்டான். தேவையில்லை என்று முதுகில் தட்டி அனுப்பினேன். விழாவில் அறிக்கையை வாசித்தேன். நன்றாகக் கை தட்டினார்கள்.

அந்தப் பருவத்தில் விடுதியில் கொப்புளிப்பான் வந்தது; அம்மாள் வருத்தம் என்று சனம் சொல்லும். பாதிப் பேருக்கு வந்தது. கசிப்பை மணந்துகூடப் பார்க்காத பிள்ளைகளுக்கும் வந்தது. வந்தவர்களை வழக்கப்படி வீட்டுக்கு அனுப்பினோம். வேப்பிலை கட்டி, குளிர்ச்சி கொடுத்து, தாய்மார் பார்த்துக்கொண்டார்கள். தருமலிங்கத்தையும் அனுப்பினேன். அவன் வீட்டுக்குப் போகவில்லை. நான் விடுதியில் இருக்கிறான் என்று தாய் நினைத்தா, வீட்டில் இருக்கிறான் என்று நான் நினைத்தேன். மாடு வாங்க வந்த முல்லைத்தீவு முஸ்லிம் வியாபாரி ஒருவர் காட்டோரத்தில் ஒரு பாழ் வாடிக் குடிசைக்குள் அவனைக் கண்டு, தன் வண்டியிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். அதற்குள் சளி நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது.

நான் போனபோது அவனுக்கு நினைவிருந்தது.

"முறிச்சுப்போட்டன், சேர்" என்றான். "பொங்கல் முடிஞ்சு ஒரு கிழமைகூட ஆகேல்லை. உங்களிட்டச் சொல்ல வந்தனான். ரெண்டு தரம் வந்தனான். அம்மாளுக்கு முன்னால சொன்னதை முறிச்சவன் எண்டு எப்பிடிச் சொல்லுறது? அதுதான் அவ எனக்கு இதைப் போட்டிட்டா. இதோட வீட்டை போனால் அம்மாவுக்கு விளங்கிவிடும்."

பாதி விடுதிக்கு வந்திருக்கிறது, இது வெறும் தொற்று என்று சொன்னேன். பலமுறை சொன்னேன். நான் அவனுக்கு ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக் கொடுத்தவன். அவை எல்லாவற்றையும் நம்பியவன் இதை மட்டும் நம்பவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டான்.

செத்த வீட்டில் தாய் என்னிடம் வந்தா. அழுகை எல்லாம் முடிந்திருந்தது. "ஒண்டு கேக்கட்டே, மாஸ்டர்? உண்மையைச் சொல்லுங்கோ. அவன் சத்தியத்தை முறிச்சவனோ?" என்று கேட்டா.

"இல்லை அம்மா" என்றேன். "கடைசி வரைக்கும் தொடேல்லை."

அவ தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டா.

அது இரக்கத்தில் சொன்ன பொய் என்று நெடுங்காலம் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், சத்தியம் வாங்கியது யார் என்ற அடுத்த கேள்வி வரும். அதற்குப் பயந்துதான் சொன்னேன். அவன் குடித்ததால் மட்டும் சாகவில்லை. குடித்தேன் என்று சொல்ல ஒரு இடம் இருந்தது, அதை நான் அடைத்துவிட்டேன். சிங்களத்தில் சோதனை எழுதினால்தான் உத்தியோகம் நிலைக்கும் என்ற நிலை வந்தபோது, அதைக் காரணம் காட்டிக் கப்பலேறினேன். எல்லோரும் நம்பினார்கள். அது பாதிக் காரணம்தான்.

முரசுமோட்டைப் பக்கத்தில் இதை வாசிப்பவர்களில் யாருக்காவது அந்தத் தாயைத் தெரிந்திருக்கலாம். அவ உயிரோடு இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள். உங்கள் மகன் பயந்த பிள்ளை, பொல்லாத பிள்ளை அல்ல. பிழை மாஸ்டருடையது.

6

கற்பூரத்தைக் கவிழ்த்த அன்று மத்தியானம் புவனம் என்னோடு பேசாமல் குசினிக்குள் நின்றாள். நான் ரவியின் அறைக்குப் போனேன். சுவரெல்லாம் நீள முடிக்காரர்களின் படம். இருக்க இடம் இல்லாமல் அவனுடைய கட்டில் நுனியில் இருந்தேன். பாட்டுப்பெட்டியை நிறுத்தச் சொல்லவில்லை. அவனே நிறுத்தினான்.

மேலே எழுதிய எல்லாவற்றையும் அவனுக்குச் சொன்னேன். அவனுக்குக் கசிப்பு என்றால் என்ன என்று தெரியாது, வற்றாப்பளை எங்கே என்று தெரியாது. தமிழில் தொடங்கி, அவனுக்கு விளங்காத இடங்களில் என் தபால் நிலைய ஆங்கிலத்தில் சொல்லி, எப்படியோ முடித்தேன். புவனம் எப்போது வந்து வாசலில் நின்றாள் என்று கவனிக்கவில்லை.

"அந்த அம்மாவுக்கு நீங்கள் சொன்னது பொய்தானே, அப்பா?" என்று ரவி கேட்டான்.

"ஓம். பொய்."

"எங்கடை அம்மாவுக்கும் தெரியாதோ?"

"இப்பதான் தெரியும்."

அவன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கடினம் என்று என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும்.

"நான் ஒருக்காத்தான் எண்டு சொன்னதும் பொய்" என்றான். "கோடை விடுமுறைக்கு முதலே தொடங்கினது. கிழமைக்கு நாலைஞ்சு நாள் போடுறன். போடாட்டி எழும்ப ஏலாது. நேற்றுக் கல்லூரியில இருந்து வந்தும் போட்டனான்."

புவனம் வாயைப் பொத்திக்கொண்டாள். கன்னத்தில் அறையத் துடித்த கையை முழங்காலின் கீழ் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"சரி" என்றேன். "இண்டைக்கு?"

"இண்டைக்கு இன்னும் இல்லை."

புவனம் உள்ளே வந்து அவனுக்கு மறுபக்கத்தில் இருந்தாள். மூன்று பேருக்கும் அந்தக் கட்டில் போதாது. ஆனாலும் இருந்தோம்.

7

திங்கட்கிழமை படிவத்தைக் கொண்டு போனோம். வைத்தியரிடம் போவான், கிழமைதோறும் நடந்ததை வந்து சொல்வான் என்று கையெழுத்து வைக்கிறேன், இனித் தொடமாட்டான் என்று வைக்க என்னால் முடியாது என்றேன். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை என்று பெண்மணி சொன்னார். எனக்கு மேற்கொண்டு ஆங்கிலம் வரவில்லை. ரவிதான் பேசினான். எங்களுக்குச் சொன்னதை அப்படியே, ஒரு குளிசை குறைக்காமல் அவருக்கும் சொன்னான். அவர் பேனாவை வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். இரங்கினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் விதி விதிதான். இந்த வருஷத்துக்கு அவனுடைய இடம் போய்விட்டது.

இப்போது வைத்தியரிடம் போய்வருகிறான். எல்லா நாளும் நல்ல நாள் இல்லை. போன செவ்வாய்க்கிழமை போட்டுவிட்டு வந்து சொன்னான். புவனம் அழுதாள். பிறகு சோறு போட்டுக் கொடுத்தாள்.

நேற்று அவள் ஊருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். நாங்கள் ஒன்பது வருஷமாக எழுதும் கடிதங்கள் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எல்லோரும் சுகம், ரவி நன்றாகப் படிக்கிறான், குளிர்தான் கொஞ்சம் கூட. அவளுடைய பேனா அந்த இடத்துக்கு வந்து நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து எழுதினாள். எழுதி முடித்து என்னிடம் நீட்டினாள்.

'ரவி இந்த வருஷம் கல்லூரிக்குப் போகவில்லை. கூடாத பழக்கம் ஒன்று பழகி, இப்போது மருந்து எடுக்கிறான். எப்போது மாறும் என்று தெரியாது. ஆனால் எங்களோடு கதைக்கிறான்.'